நெபுலா வண்ணமாகத் தெரியுமா?

கேள்வி: மாசி அமாவாசையன்று தொலைநோக்கி ஆர்வலர்கள் சிலர் ஜவ்வாது மலையில் இரவு முழுக்க வானம் பார்க்கக் கூடுகிறார்கள். என்னையும் அழைத்திருக்கிறார்கள். பத்து வயது மகளைக் கூட்டிப்போக ஆசை. படங்களில் வருவதுபோல் நெபுலாக்கள் சிவப்பும் நீலமுமாகத் தெரியுமா? போகுமுன் ஒரு தொலைநோக்கி வாங்கிவிடட்டுமா?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: தெரியாது. இதை மகளிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அங்கே வந்து, "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிடுவாள்.

மங்கலான ஒளியில் நம் விழித்திரையில் வேலை செய்பவை கோல் செல்கள். அவற்றுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. கேமராவோ நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்த்துவைத்து நிறத்தைக் காட்டிவிடுகிறது. கண்ணுக்கு அந்தச் சேமிப்பு இல்லை. ஆகவே ஓரியன் நெபுலா சாம்பல் நிறப் புகையாகத்தான் தெரியும், மிஞ்சிப்போனால் லேசான பச்சை. ஆனால் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நகராதீர்கள். பார்வையைச் சற்றுப் பக்கவாட்டில் செலுத்துங்கள். கோல் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் நெருக்கமாக இருக்கின்றன. நேராகப் பார்க்கும்போது மறையும் மங்கலான விளிம்புகள் அப்போது மெல்ல விரியும். நிறம்தான் வேண்டுமென்றால் நட்சத்திரங்களில் தேடுங்கள்: திருவாதிரையின் செம்மையையும், அதே ஓரியனில் ரைஜலின் நீலவெண்மையையும் மாறிமாறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரமாவது ஆகும். அதை ஒரே நொடியில் கெடுக்க ஒரு செல்போன் திரை போதும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடுங்கள். நள்ளிரவில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு வருபவரை அங்கே யாரும் மன்னிப்பதில்லை. கம்பளியும் தொப்பியும் அவசியம்.

தொலைநோக்கி இப்போது வேண்டாம். "525 மடங்கு" என்று பெட்டியில் அச்சடித்த 60 மில்லிமீட்டர் கருவிகள் வெறும் ஏமாற்று. அந்த அளவு லென்ஸுக்கு 120 மடங்குக்கு மேல் போனால் பிம்பம் கலங்கத்தான் செய்யும். உருப்பெருக்கத்தைவிட முக்கியம் எவ்வளவு ஒளியைத் திரட்டுகிறது என்பது. எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி ஒன்று அங்கே நிச்சயம் இருக்கும். அது நம் கண்ணைப்போல் சுமார் 800 மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. அதன் உரிமையாளர் கேட்காமலேயே காட்டுவார், இந்தக் கூட்டத்தின் குணமே அது. குழாயைப் பிடிக்காமல், கண்ணை மட்டும் அருகே கொண்டுபோகப் பழக்குங்கள்.

இன்னொன்று. மகள் தூங்கிவிட்டால் இரண்டு, மூன்று மணிவாக்கில் எழுப்புங்கள். தெற்கே ஏறத்தாழ 30 பாகை உயரத்தில் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து நிற்கும். லண்டனில் இருப்பவருக்கு இது அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை. வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1677இல் செயின்ட் ஹெலினா தீவுக்குப் போனபிறகுதான் இது தனி நட்சத்திரமல்ல என்று குறித்துவைத்தார். ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள், 17,000 ஒளியாண்டு தொலைவில். வெறுங்கண்ணுக்குப் பஞ்சுப்பொட்டு, டாப்சோனியனில் அந்தப் பொட்டு ஆயிரக்கணக்கான புள்ளிகளாக உடையும். எனக்கு வாய்ப்புக் கொடுத்தால் சனியின் வளையங்களைவிட இதைத்தான் முதலில் காட்டுவேன். பலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

திரும்பி வந்தபிறகும் ஆசை இருந்தால், முதலில் 10×50 பைனாகுலர் ஒன்று வாங்குங்கள்.