ரோபோ போட்டிக் களத்தில் அலுவலர் உதவி: எல்லைக் கிராம மாணவர் அறிய வேண்டுவன

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூரின் தென்பகுதித் தாலுகாக்களான தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. இதனால் பாறசாலையிலும் அதனைச் சூழ்ந்த எல்லைக் கிராமங்களிலும், வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசும் குடும்பங்கள் இன்றும் வாழ்ந்து வருகின்றன. களியக்காவிளைச் சந்தைக்குச் செல்பவர் ஒரே நாளில் இரு மாநிலங்களில் கால் பதித்துத் திரும்புகின்றனர்.

இக்கிராமங்களின் பள்ளிகளுக்கு இப்போது ரோபோவியல் வந்து சேர்ந்துள்ளது. கேரள அரசின் 'கைட்' நிறுவனம் 2018இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்கள் அரசு, அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளிகளில் இயங்கி வருகின்றன. 2022 இறுதியிலிருந்து இம்மன்றங்கள் வழியே ரோபோ கருவிப் பெட்டிகள் வழங்கப்பட்டன. 2025-26 கல்வியாண்டில் 10ஆம் வகுப்பு மாணவர் ஏறத்தாழ 4.3 இலட்சம் பேருக்கும் ரோபோவியல் பாடமாக்கப்பட்டது. 'ஆர்டுயினோ' பலகை, அகச்சிவப்பு உணரி, சிறு மோட்டார், இணைப்புக் கம்பிகள் ஆகியவற்றைக் கொண்டு கிராமத்து மாணவர் தாமே இயங்கும் சாதனங்களைச் செய்கின்றனர். இது வரவேற்கத்தக்க முன்னேற்றமாகும்.

ஆயினும் வகுப்பறையில் ரோபோவை இயக்குவது வேறு. போட்டிக் களத்தில் இயக்குவது வேறு. வகுப்பறையில் கருவி நின்றுவிட்டால் ஆசிரியர் அருகில் இருப்பார். களத்தில் ஆட்டம் ஏறத்தாழ இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். அச்சிறு பொழுதில் யாரிடம், எப்போது, எவ்வாறு உதவி கேட்பது என்பதை அறியாத அணி தன் பல மாத உழைப்பை இழக்க நேரும். இவ்விழப்பு எல்லா மாணவருக்கும் சமமாக நேர்வதில்லை. நகரத்து மாணவர் தயக்கமின்றிக் கேட்டுவிடுகின்றனர். கிராமத்து மாணவர் வாய் திறவாமல் நிற்கின்றனர்.

இக்கட்டுரையாளர் பார்வையாளராகச் சென்ற ஒரு போட்டியில், கிராமப்புற அணியொன்றின் வண்டி பாதிக் களத்தில் நின்றது. அதனை இயக்கிய சிறுமி ஆட்டம் முடியும் வரை அசையாமல் நின்று, பின்னர் வண்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். தொழில்நுட்ப அலுவலர் பத்தடி தொலைவில்தான் அமர்ந்திருந்தார். அடுத்த ஆட்டத்திலும் வண்டி அவ்வாறே நின்றது. மாலையில்தான் மின்கலக் கம்பி ஒன்று தளர்ந்திருந்தது தெரிய வந்தது. ஏன் கேட்கவில்லை என்று வினவியபோது, "அவர்கள் மார்க் போடுகிறவர்கள் அல்லவா, சார்?" என்றாள். அவளது விடையில் ஒரு பெரும் பாடம் அடங்கியுள்ளது. மதிப்பெண் இடுபவர் ஒருவர். உதவி செய்பவர் வேறொருவர். இவ்வேறுபாட்டை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எந்த அலுவலருக்கு எந்தப் பணி

சாதிச் சான்றிதழுக்குக் கிராம அலுவலகத்தையும், குடும்ப அட்டைக்குத் தாலுகா வழங்கல் அலுவலகத்தையும் நாடுகிறோம். வாயில் மாறிச் சென்றால் ஒரு நாள் வீணாகும். போட்டிக் களத்திலும் இவ்வாறான பணிப் பிரிவினை உண்டு.

அமெரிக்காவில் டீன் கேமன் 1989இல் நிறுவிய 'ஃபர்ஸ்ட்' அமைப்பு 1992 முதல் மாணவர் ரோபோ போட்டியை நடத்தி வருகின்றது. அதன் ஏற்பாட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ரோபோ விதிப்படி அமைந்துள்ளதா என்று ஆட்டங்களுக்கு முன் சோதிப்பவர் ஆய்வாளர். களத்தின் மின்னணு அமைப்பையும் கம்பியில்லாத் தொடர்பையும் பேணுபவர் களத் தொழில்நுட்ப ஆலோசகர். அணியின் ரோபோவில் உள்ள கட்டுப்பாட்டுக் கருவி, மென்பொருள், கம்பி இணைப்பு ஆகியவற்றில் சிக்கல் எழுந்தால் உதவுபவர் கட்டுப்பாட்டு அமைப்பு ஆலோசகர். விதிமீறலையும் புள்ளிகளையும் பற்றித் தீர்ப்பளிப்பவர் தலைமை நடுவர். முதல் மூவரிடம் உதவி கேட்பதால் புள்ளி எதுவும் குறையாது. அவர்கள் அங்கு இருப்பதே அதற்காகத்தான்.

எல்லாப் போட்டிகளும் இவ்வாறு அமைவதில்லை. 2004இல் தொடங்கிய உலக ரோபோ ஒலிம்பியாடின் உலக இறுதிப் போட்டி 2016இல் நம் நாட்டில் நடைபெற்றது. அதில் ஆட்ட நேரத்தில் பயிற்சியாளர் களப்பகுதிக்குள் வரவியலாது. பழுதை மாணவரே நீக்கவேண்டும். ஆதலின் போட்டிக்குச் செல்லுமுன் அதன் விதிநூலைப் படித்து, யார் யார் எந்தெந்த உதவியைச் செய்யலாம் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வது முதற்கடமையாகும்.

எப்போது கேட்பது

உதவி கேட்பதற்கு மிக நல்ல நேரம் ஆட்டத்திற்கு முந்தைய நேரமே. ஆய்வின்போதும் பயிற்சி ஆட்டத்தின்போதும் தென்படும் சிறு ஐயத்தையும் மறைக்காமல் கூறவேண்டும். மறைத்த குறை முக்கிய ஆட்டத்தில் வெளிப்படும்.

களத்தில் ரோபோவை வைத்தபின் தொடர்பு கிடைக்கவில்லையெனில், ஆட்டம் தொடங்குமுன்பே கையை உயர்த்திக் களத் தொழில்நுட்ப ஆலோசகரை அழைக்கவேண்டும். தொடக்க ஒலி எழுந்தபின் எவரும் களத்துக்குள் கால் வைக்கலாகாது. புகை, தீப்பொறி போன்ற ஆபத்து நேர்ந்தால் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தவேண்டும். பிற பழுதுகளில், நின்ற நேரத்தையும் எரிந்த விளக்கையும் மனத்தில் குறித்துக்கொள்வதே செய்யத்தக்கது.

ஆட்டம் முடிந்தவுடன் மின்கலத்தைக் கழற்றிவிடும் வழக்கம் பலரிடம் உண்டு. அலுவலர் பார்ப்பதற்கு முன் அவ்வாறு செய்தால் விளக்குகள் காட்டும் சான்று அழிந்துபோகும். ஆபத்தில்லாதவிடத்து, கருவியை இருந்தபடியே காட்டுவது நன்று.

எவ்வாறு கேட்பது

மருத்துவரிடம் நோயின் குறிகளைச் சொல்கிறோம். மருந்தின் பெயரை நாமே சொல்வதில்லை. அதேபோல், "கருவி கெட்டுவிட்டது" என்பதோ, "உங்கள் களம் சரியில்லை" என்பதோ பயன் தராது. "சார், வண்டி தொடக்கத்தில் ஓடியது. இரு மோட்டார்களும் சேர்ந்து இயங்கியவுடன் நின்றது. பலகையின் விளக்கு அணைந்து மீண்டும் எரிந்தது. நேற்று மின்கலத்தை மாற்றினோம்" என்று கூறினால், அலுவலர் காரணத்தை விரைவில் ஊகித்துவிடுவார். மோட்டார்கள் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் தாழ்ந்து, கட்டுப்பாட்டுப் பலகை நின்று மறுபடி தொடங்குவது பொதுவாகக் காணப்படும் பழுதாகும். பள்ளிக் கருவிப் பெட்டியிலும் இதனைக் காணலாம். மோட்டாருக்குத் தனி மின்கலம் இணைத்து, இரண்டின் எதிர்முனைகளையும் ஒன்றாகப் பிணைப்பது இதற்குரிய எளிய தீர்வு.

ஆகவே ஒவ்வோர் அணியும் ஒரு பதிவேடு வைத்திருக்கவேண்டும். ஆட்ட எண், பழுது தோன்றிய விநாடி, கண்ட அறிகுறி, அதற்கு முன் செய்த மாற்றம், அலுவலர் கூறிய யோசனை ஆகிய ஐந்து செய்திகள் அதில் போதும். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று இதற்குப் போதுமானது.

மறு ஆட்டம் எப்போது கிடைக்கும்

ரோபோ நின்றதனால் மட்டும் மறு ஆட்டம் கிடைப்பதில்லை. 'ஃபர்ஸ்ட்' விதிகளின்படி, களத்தின் அமைப்பிலோ அலுவலர் செயலிலோ நேர்ந்த பழுது ஆட்டத்தின் முடிவைப் பாதித்திருந்தால்தான் தலைமை நடுவர் மறு ஆட்டம் அளிக்கலாம். அணியின் சொந்தக் கம்பி கழன்றால் அது அணியின் பொறுப்பு. முடிவைப் பற்றி வினவ விரும்பினால், அதற்கென ஒதுக்கிய கட்டத்தில் அணியின் பள்ளி மாணவர் ஒருவர் வந்து நிற்கவேண்டும். ஆசிரியரோ பெற்றோரோ அவருக்காகப் பேசவியலாது. ஒளிப்படப் பதிவைக் காட்டி வாதிடவும் இயலாது. நடுவரின் தீர்ப்பே இறுதியானது. இத்தகைய இடத்தில் மாணவரின் நாவே அணியின் வழக்குரைஞர் எனலாம்.

மொழி என்னும் தடை

எல்லைக் கிராமச் சிறுவருக்கு இங்கு மற்றொரு தயக்கமும் சேர்கின்றது. கேரளப் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலத்துடன் தமிழிலும் கன்னடத்திலும் வெளிவருகின்றன. அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு, குறை தீர்க்கக் கோரும் விண்ணப்பத்தை மத்தியிலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கக் குடிமக்களுக்கு உரிமை தருகின்றது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிகள் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துடனும் துறைத் தலைவர்களுடனும் தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தவும், அம்மொழியிலேயே விடை பெறவும் வகை செய்துள்ளது. ஆனால் களத்தோரத்தில் மனு எழுத நேரமில்லை. மொழிபெயர்ப்பாளரைத் தேடவும் நேரமில்லை.

இதற்குரிய ஏற்பாடு எளிதே. பழுதைக் கூறும் பத்து வாக்கியங்களைத் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, பள்ளியிலேயே பேசிப் பழகவேண்டும். ஒரு மாணவர் அலுவலராகவும் மற்றொருவர் அணித் தலைவராகவும் நடித்துப் பார்க்கலாம். பொறுப்பாசிரியர் வேண்டுமென்றே ஒரு கம்பியைத் தளர்த்திவிட்டு, மாணவர் எவ்வாறு புகார் கூறுகின்றனர் என்று கவனிக்கலாம்.

போட்டி நடத்துவோருக்கும் கடமை உண்டு. உதவி மேசை எங்குள்ளது என்பதைப் பல மொழிகளில் எழுதி வைக்கவேண்டும். எல்லை மாவட்டங்களில் தமிழறிந்த தொண்டர் ஒருவரையேனும் அம்மேசையில் அமர்த்தவேண்டும். வாய் திறவாது நிற்கும் அணியைத் தாமே சென்று விசாரிக்குமாறு அலுவலருக்கு அறிவுறுத்தவேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு அற்பமே.

பொருளாதார நோக்கில் பார்த்தால், கருவிப் பெட்டி என்பது முதலீட்டின் ஒரு பகுதி மட்டுமே. அதனைப் பயன்படுத்தும் துணிவும் அதனோடு சேர்ந்தாலன்றி அம்முதலீடு முழுப்பயன் தராது. களத்தில் அலுவலரை அணுகி, நிகழ்ந்ததை உள்ளவாறு கூறி, உரிய உதவியைக் கேட்டுப் பெறும் சிறுமி, நாளை கிருஷி பவனிலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் அதே தெளிவுடன் நிற்பாள். உதவி கேட்பது இரத்தல் அன்று. விதி அளித்துள்ள உரிமையைப் பயன்படுத்துவதாகும். இவ்வுண்மையை ஒவ்வொரு பள்ளியும் தன் மாணவருக்கு, கருவிப் பெட்டியைத் திறக்கும் முதல் நாளிலேயே உணர்த்துதல் வேண்டும்.