கடற்பசுவைக் காப்போமாக

பாக் விரிகுடாக் கரையோரத்தார் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசுவைப்பற்றி இவ்வாரம் அறிந்துகொள்வோம்.

இது மீனன்று, குட்டி ஈன்று பாலூட்டும் பிராணி. கடற்புல்லே இதன் ஆகாரம். தாய்ப்பசு 3 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே குட்டியை ஈனும். ஆதலால் ஒன்று மாண்டாலும் அக்குறை நிறைய நெடுங்காலம் செல்லும்.

முன்னாளில் இறைச்சிக்காக இதை வேட்டையாடினர். இப்போது இதைக் கொல்வது சட்டப்படி பெருங்குற்றம். 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களையொட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

ஆயினும், நடுக்கடலில் வலையில் சிக்கிய கடற்பசுவின் உயிர் மீனவர் கையிலேயே இருக்கிறது. மேலே வந்து மூச்சுவிட இயலாவிடில் சில நிமிடங்களில் அது மடியும். வலையை அறுத்தால் நஷ்டமே, அதை மறுப்பதற்கில்லை. அப்படியிருந்தும் அறுத்து விடுவித்த மீனவர் உண்டு. அவர்கள் செய்தது வீண்போகாது. கடற்பசு மேய மேயப் புல் புதிதாய்த் தழைக்கும். அப்புல்லிடையேதான் இறாலும் பலவகை மீன்களும் குஞ்சுப்பருவத்தில் வளர்கின்றன.

ஆகையால் பெற்றோர் இதனைத் தங்கள் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வார்களாக. நாளை வலை வீசப்போகிறவர்கள் அவர்களே.