உதவித்தொகை வரவில்லை என்றால் ஹால் டிக்கெட்டை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகன் பத்தாவது முடித்து, புறநகரில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கிறான். நாங்கள் ஆதிதிராவிடர். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் மயிலாப்பூரில் இரண்டு வீடுகளில் சமைக்கிறேன். சேரும்போது, "ஸ்காலர்ஷிப் இருக்கு, எதுவும் கட்ட வேண்டாம்" என்றார்கள். இப்போது அரசுப் பணம் வரவில்லை, முழு ஃபீஸையும் கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்கிறார்கள். மார்க் ஷீட்டும் டி.சி.யும் அவர்களிடம்தான் இருக்கின்றன. மகனிடமும் கணவரிடமும் ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். போன வருஷம் மகன் கணக்குக்கு ஒரு தொகை வந்தது. அது ஆட்டோ எஃப்.சி.க்குச் செலவாகிவிட்டது. மகளை ஐ.டி.ஐ.யில் சேர்க்கவும் நினைக்கிறோம். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், மந்தைவெளி

பதில்: அம்மா, அந்த எஃப்.சி. செலவிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் வழக்கில் பலவீனமான இடம் அதுதான்.

உங்கள் மகனுக்கு வருவது பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை. 1944 முதல் இருக்கும் திட்டம் இது. 2020-21 முதல் இதில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநில அரசின் பங்கு 40 சதவீதம். மத்திய அரசின் பங்கு கல்லூரிக்குப் போகாமல் நேராக மாணவர் கணக்குக்கே வருகிறது. அதில் இரண்டு வகைப் பணம் உண்டு. கல்விக் கட்டணத்துக்காக வந்ததைக் கல்லூரியில் கட்டியாக வேண்டும். படிப்புச் செலவுக்கான படி மகனுடையது. வீட்டிலிருந்து போய்வரும் டிப்ளமோ மாணவருக்கு ஆண்டுக்கு ரூ.2,500. அதைக் கல்லூரி கேட்க முடியாது. பாஸ்புக்கைப் பதிவு செய்து, எது எதற்காக வந்தது என்று பிரித்துப் பாருங்கள். கட்டணப் பகுதி செலவாகியிருந்தால், தவணையில் கட்டுவதாக இப்போதே எழுதிக் கொடுங்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் இதை மறைத்துப் போகாதீர்கள். எதிர்த்தரப்பு முதலில் எடுத்து நீட்டும் காகிதம் அந்தப் பணம் வந்த கணக்காகத்தான் இருக்கும்.

இன்னும் வராத பணத்தின் கதை வேறு. அரசு தாமதித்ததற்கு மாணவனைப் பரீட்சைக்கு வெளியே நிறுத்த முடியாது. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012-ல் அரசாணை 92 வந்தது. பெற்றோர் ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இதில் உங்கள் சமையல் வேலை வருமானமும் சேரும். திரும்பத் தரக்கூடிய காஷன் டெபாசிட் இந்த உதவித்தொகையில் அடங்காது. கல்லூரி கேட்கும் "முழு ஃபீஸில்" எவ்வளவு இப்படிப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னாலே தொகை குறைவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு கண்ணி உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டிலும் ஸ்பாட் அட்மிஷனிலும் சேர்ந்தவர்களுக்கு உதவித்தொகை இல்லை என்று மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்கள் சொல்லின. மகனின் சேர்க்கை எந்த ஒதுக்கீட்டில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பல சமயம் பெற்றோருக்கே அது தெரிவதில்லை.

இனி சான்றிதழ்கள். படிக்கும் காலத்தில் டி.சி. கல்லூரியில் இருப்பது வழக்கம்தான். மார்க் ஷீட் அப்படியல்ல. சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக்கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. பாக்கிக்காகப் பொருளை நிறுத்தி வைக்கும் பொதுவான உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 171-வது பிரிவு வங்கி போன்ற சிலருக்குத்தான் தருகிறது. கல்லூரிக்கு இல்லை! சான்றிதழ் விற்பனைச் சரக்கல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

ஸ்டாம்ப் பேப்பரைக் கண்டு பயப்பட வேண்டாம். பத்தாவது முடித்த கையோடு சேர்ந்த பையனுக்கு அப்போது 18 வயது ஆகியிருக்காது. மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-ல் பிரிவி கவுன்சில் தீர்த்துவைத்த விஷயம். கணவரின் கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தலாம், அதுவும் பணத்தைப் பொறுத்த மட்டில்தான். மகனின் மார்க் ஷீட்டை அடகு வைக்க அவராலும் முடியாது.

கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நகல்களைக் கிண்டியிலுள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்குநருக்கும், கல்லூரி இருக்கும் மாவட்டத்தின் ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். உதவித்தொகை விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டணத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் பெரும்பாலும் ஆதார் வங்கிக் கணக்கோடு இணையாததுதான் காரணமாக இருக்கும். வங்கியில் அதை முதலில் விசாரியுங்கள். தேர்வு நெருங்கிவிட்டால் காத்திருக்காதீர்கள். உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். ஆதிதிராவிடருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்கிறது 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். ரிட் மனுவில் ஹால் டிக்கெட்டுக்கு இடைக்கால உத்தரவு கேட்கலாம்.

மகளுக்குக் கிண்டி அரசு மகளிர் ஐ.டி.ஐ.யைப் பாருங்கள். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் ரூ.750 உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 வரும், வேறு உதவித்தொகை பெறுவது அதற்குத் தடையில்லை. விண்ணப்பம் ஐ.டி.ஐ. வழியாகத்தான் போகும். வருமானச் சான்று பழையது என்றால் இ-சேவை மையத்தில் இந்த வாரமே புதிதாகப் போட்டுவிடுங்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் அது தேவைப்படும்.