பேசாத ‘பேசும் படம்’

1987ஆம் ஆண்டு ‘பேசும் படம்’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்க, கமல்ஹாசனும் அமலாவும் நடித்த அப்படம் பெங்களூரில் எடுக்கப்பட்டது. அதில் ஒருவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ வந்தது 1931இல். அந்நாளில் மக்களை வியக்கவைத்த அப்பெயரையே, ஐம்பத்தாறு ஆண்டுகள் கழித்து, பேச்சே இல்லாத படத்துக்குச் சூட்டியது நல்ல குறும்பு!

கன்னடத்தில் இதன் பெயர் ‘புஷ்பக விமான’, இந்தியில் ‘புஷ்பக்’. மொழிக்கு மொழி பெயர் மட்டுமே மாறியது. குரல் மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. ஒரே தெருவில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதும் ஒலிக்கும் நகரில் இத்தகைய படம் பிறந்தது பொருத்தமே.

வேலையற்ற இளைஞன் ஒருவன் சிற்றறையில் வாழ்கிறான். ஓர் இரவு, குடித்து மயங்கிக் கிடக்கும் செல்வர் ஒருவரைத் தெருவில் காண்கிறான். அவரிடம் பெரிய விடுதி ஒன்றின் அறைச் சாவி இருக்கிறது. அவரைத் தன் அறையில் கட்டி அடைத்துவிட்டு, அவருக்குப் பதிலாகத் தான் அவ்விடுதியில் தங்குகிறான். அங்கே ஒரு மந்திரக் கலைஞரின் மகள்மீது அன்பு கொள்கிறான். பனிக்கட்டியாலான கத்தியுடன் கொலைகாரன் ஒருவன் அவனைத் தொடர்கிறான்; கத்தியோ உருகி ஒழுகுகிறது. சிறுவயதில் இதைக் கண்டவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

அவர்களே நாற்பது வயதில் மீண்டும் பார்க்கும்போது, கதை முன்பே தெரியும் ஆதலால், கண்ணும் செவியும் வேறிடங்களில் தங்குகின்றன. இது உரையாடல் இல்லாத படமேயன்றி ஒலி இல்லாத படமன்று. இளைஞனின் அறை ஒரு திரையரங்கை ஒட்டியது. இரவெல்லாம் சண்டைக் காட்சிகளின் இரைச்சல். அதனிடையே அவன் உறங்கிப் பழகியவன். விடுதியின் மெத்தையிலோ உறக்கம் வரவில்லை. அமைதி அவனை வருத்துகிறது. பழைய இடத்துக்குச் சென்று, அவ்விரைச்சலை ஒலிநாடாவில் பதிந்து வந்து, அதை ஓடவிட்டு உறங்குகிறான்! முன்பு இது வெறும் வேடிக்கை. தவளைக் குரலையோ ஆலைச் சங்கையோ கேட்டு வளர்ந்து, பிழைப்புக்காகப் பிற ஊர் வந்து சேர்ந்தவர் இன்று அதை வேடிக்கை என்று கடந்துவிடுவது அரிது.

பிச்சைக்காரர் காட்சியும் அவ்வாறே. இளைஞன் தன் நாணயத்தைக் காட்டிப் பெருமை கொள்ள, அவர் பணத்தாள்களைக் காட்டி அவனை வாயடைக்கச் செய்கிறார். இதற்குச் சிரித்தவர்கள், பின்னர் அவர் இறந்ததும் கூட்டம் அப்பணத்துக்கு முண்டியடிப்பதையும் உடல் கேட்பாரற்றுக் கிடப்பதையும் மறந்திருப்பார்கள்.

நகரமும் புதிதாகத் தெரிகிறது. மெட்ரோ ரயில் இங்கு ஓடத் தொடங்கியது 2011இல்தான். படத்தின் சாலைகளில் அதன் தூண்கள் இல்லை.

இளைஞன் செய்ததோ ஆள்கடத்தல். நகைச்சுவை அக்குற்றத்தை நெடுநேரம் மறைத்துவிடுகிறது. படம் அதை மறக்கவில்லை. இறுதியில் அவனே செல்வரை விடுவிக்கிறான். தான் விரும்பியவளிடம் உண்மையைத் தெரிவிக்கிறான். ஊரைவிட்டுப் புறப்படும் அவள் ஒரு ரோஜா மலரையும் ஒரு தாளையும் அவனுக்குத் தருகிறாள். அவன் படிக்குமுன் காற்று அத்தாளைச் சாக்கடையில் சேர்த்துவிடுகிறது.

அத்தாள் போயிற்றே என்று கலங்கிய சிறுவர்கள் அதன்பின் எதையும் கவனித்திருக்க மாட்டார்கள். கையில் மலருடன், வேலை தேடி நிற்போரின் நீண்ட வரிசையில் அவனும் நிற்கிறான்.

எண்ணி எழுதுக

1. உன் வீட்டுப் பெரியவர் ஒருவர் சிறுவயதில் எந்த ஓசைகளுக்கிடையே உறங்கினார் எனக் கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.

2. அடைத்து வைக்கப்பட்ட செல்வருக்கு இளைஞன் எழுதுவதாக ஒரு கடிதம் வரைக.