குழாய் வேலை கௌரவக் குறைவா?

கேள்வி: பத்தாம் வகுப்புத் தேறிய என் தம்பி, அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிளம்பர் பிரிவில் சேர விரும்புகிறான். ‘சாக்கடை வேலை நம் குடும்பத்துக்கு வேண்டாம்’ என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். தங்கள் அபிப்பிராயம் என்ன? – ஒரு சகோதரி, கரூர்

பதில்: தாராளமாகச் சேரட்டும், சகோதரி. ஓராண்டுக் காலம் நடைபெறும் அப்பயிற்சியில், குழாயை அளந்து வெட்டி மரை போடுவது முதல், கழிவுநீர் தங்குதடையின்றி ஓடுவதற்குரிய சரிவை நிர்ணயிப்பது ஈறாக, அவன் கற்கப்போகிறவை யாவும் ஊரின் ஆரோக்கியத்துக்கு அஸ்திவாரமானவையே. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும்படி மீஞ்சூரில் அமைக்கப்பட்டது போன்ற ஆலைகளுக்கும், பம்பையும் வால்வையும் அறிந்த கைகள் இன்றியமையாதவை.

பெரியவர்களின் அச்சத்திலும் நியாயம் உண்டு. பாதாளச் சாக்கடையில் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, அளவு மிகும்போது மோப்ப சக்தியையே மரக்கச் செய்துவிடுவதால், நாற்றம் அடங்கிவிட்டதென்று நம்பி மேலும் ஓரடி இறங்குகிறவன் மரணத்தை நோக்கியே இறங்குகிறான். பாதுகாப்பின்றி ஒருவரைச் சாக்கடைக்குள் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எவர் சொன்னாலும் அதற்கு இணங்கலாகாது என்பதை இன்றே அவனிடம் சொல்லிவிடுங்கள். பிறப்பைக் காரணமாக்கிச் சிலர்மீது தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்ட கொடுமை வேறு. கல்வியும் கருவியும் கொண்டு எவரும் விரும்பி ஏற்கும் தொழில் வேறு. பெரியவர்களிடம் இந்த வேற்றுமையைப் பொறுமையோடு எடுத்துரையுங்கள்.

பயிற்சி முடிந்ததும், 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி உதவித்தொகையோடு பழகுநராகச் சேர வழியிருக்கிறது. அந்த வாய்ப்பை அவன் நழுவவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.