இணைய ஏலத்தில் மலிவு: ஒரு கணக்குப் பாடம்

தங்கவயலில் பிறந்து வளர்ந்த நம் குடும்பங்களுக்கு ஏலம் புதியதல்ல. சம்பளம் வந்த ஞாயிறன்று யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் ஏலச்சீட்டு நடக்கும். பணத்துக்கு அவசரப்பட்டவர் அதிகம் தள்ளி எடுப்பார்; பொறுத்தவருக்குக் கழிவு கிடைக்கும். இன்று அதே ஏலம் கணினிக்கும் கைப்பேசிக்கும் வந்துவிட்டது. ஆனால் அவசரக்காரர் நஷ்டப்படுவது மட்டும் மாறவில்லை.

1995 இல் அமெரிக்காவில் தொடங்கிய ஈபே தளம்தான் இணைய ஏலத்தை வீட்டுக்கு வீடு பழக்கியது. அதன் இந்தியத் தளம் 2018 இல் மூடப்பட்டது. இன்று நம் நாட்டில் இணைய ஏலத்தில் விற்கப்படுபவற்றில் மூன்று: இரயில்வேயின் பழைய இரும்பு, அரசு நிறுவனங்கள் கழித்த பொருட்கள், கடன் கட்டாதவர்களிடமிருந்து வங்கிகள் கைப்பற்றிய வீடுகளும் வண்டிகளும். முதலாவது ஐ.ஆர்.இ.பி.எஸ். தளத்திலும், இரண்டாவது பெரும்பாலும் 1964 இல் தொடங்கப்பட்ட எம்.எஸ்.டி.சி. நிறுவனத்தின் தளத்திலும் விற்கப்படுகின்றன.

நான் இரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் பணியாற்றியவன். பழைய தண்டவாளம் ஏலத்துக்கு வரும்போது அனுபவமுள்ள வியாபாரி என்ன செய்வார் தெரியுமா? முதலில் டிப்போவுக்கு நேரில் வருவார். ஒரு மீட்டருக்கு 52 கிலோ உள்ள 13 மீட்டர் தண்டவாளம் புதிதில் 676 கிலோ இருக்கும். தேய்மானத்தையும் துருவையும் பார்த்து அதில் கழிப்பார். வரி, லாரி வாடகை, வெட்டுக்கூலி எல்லாம் சேர்த்து ஒரு விலையைத் தாளில் எழுதிக்கொண்டு போவார். அந்த விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கேட்கமாட்டார்.

இந்தப் பாடத்தைப் பிறருக்குச் சொல்லிக் கொடுத்த நானே ஒருநாள் மறந்தேன். என் அக்கா மகன் பங்காருப்பேட்டையிலிருந்து தினமும் பெங்களூருக்கு இரயிலில் வேலைக்குப் போய் வருபவன். ஒரு வங்கி ஏலத்தில் சிறிய வீடு ஒன்று வந்தது. குறைந்தபட்ச விலை 18 லட்சம். முன்வைப்புத் தொகை 10 சதவீதம், அதாவது 1.80 லட்சம். 20 லட்சத்துக்கு மேல் போவதில்லை என்று நானே தாளில் எழுதிக் கொடுத்தேன்.

ஏலம் 20 ஆயிரம் 20 ஆயிரமாக ஏறியது. கடைசி நிமிடங்களில் யாராவது விலை கேட்டால் முடிவு நேரம் தானாகவே மேலும் 5 நிமிடம் நீளும். எங்கள் எல்லை தாண்டியதும் அவன் கையை எடுத்தான். "இருபதாயிரம்தானே, கேளுப்பா" என்றேன் நான். "மாமா சொன்னால் சரி" என்றான். அந்த "இருபதாயிரம்தானே" எட்டு முறை வந்தது. 21.60 லட்சத்தில் வீடு எங்களுடையது!

வங்கிகள் கடன் பாக்கிக்காகச் சொத்தை விற்பது 2002 ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி. அதன் விதிப்படி விலையில் 25 சதவீதத்தை அன்றோ மறு வேலை நாளிலோ கட்டவேண்டும். முன்வைப்பு போக 3.60 லட்சம் கட்டினோம். மீதி 16.20 லட்சத்துக்கு, விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாள் தவணை. வீட்டுக்கடன் அதற்குள் கிடைக்கவில்லை. தவணையை நீட்டிக்க எழுத்து மூலம் கேட்கலாம் என்பதையும் நாங்கள் தாமதமாகவே அறிந்தோம். கட்டிய 5.40 லட்சமும் பறிபோனது. அது அவன் தங்கையின் திருமணத்துக்கென்று அக்கா சேர்த்த பணம். அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகவே ஏலத்தில் இறங்குமுன் இவற்றைச் செய்யுங்கள்:

1. பொருளை நேரில் பாருங்கள். "உள்ளது உள்ளபடி" என்பதே ஏல நிபந்தனை. பின்னால் குறை சொல்லமுடியாது.

2. வீடு என்றால் வில்லங்கச் சான்று எடுங்கள். வங்கியிடம் சாவி இருக்கிறதா, காகிதத்தில் மட்டும் கைப்பற்றியிருக்கிறதா என்று கேளுங்கள். காகிதத்தில் மட்டும் என்றால், உள்ளே குடியிருப்பவரை வெளியேற்றக் காலம் பிடிக்கும்.

3. பதிவுச் செலவு, வரி பாக்கி, மின்கட்டண பாக்கி, பழுதுபார்ப்பு அனைத்தையும் விலையோடு கூட்டுங்கள். கூட்டியபின் சந்தை விலையைவிடக் குறைந்தால்தான் அது மலிவு.

4. முழுப் பணமும் எங்கிருந்து, எந்தத் தேதியில் வரும் என்று முதலில் எழுதுங்கள். கடன் வாங்குவதானால் ஏலத்துக்கு முன்பே வங்கியில் பேசி முடியுங்கள்.

5. முன்வைப்புத் தொகையைத் தனியார் கணக்குக்கு அனுப்பாதீர்கள். விளம்பரத்தில் கண்ட கணக்கு எண்ணை வங்கிக் கிளைக்கே சென்று சரிபாருங்கள்.

6. எல்லை விலையைத் தாளில் எழுதி, ஏலத்தில் கலந்துகொள்ளாத ஒருவர் கையில் கொடுங்கள். அவர் என்னைப்போல் இருக்கக்கூடாது.

மாதாமாதம் என் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை அக்காவிடம் கொடுத்து வருகிறேன். எல்லை விலை வந்ததும் கணினியை மூடிவிடுங்கள். அடுத்த மாதம் வேறொரு ஏலம் வரும். போன பணம் வராது.