தாய்ப்பலகையும் நினைவகமும்: பொருத்தம் அறிந்து வாங்குதல்

ஏட்டுச்சுவடிகளின் படிமங்களைக் காண்பதற்கும், 1998-இல் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைப் படிப்பதற்கும், ஆய்வேட்டைத் தட்டச்சு செய்வதற்கும் இன்று தமிழ் மாணவர் கணிப்பொறியையே நாடுகின்றனர். அக்கருவி பழையதானால் என் செய்வது என்னும் வினா அண்மையில் பல இல்லங்களில் எழுந்துள்ளது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் நிறுத்திக்கொண்டமையே இதற்குக் காரணம். பழைய பெட்டியைத் தூக்கியெறியாமல் உள்ளுறுப்புகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் பலர். எண்ணம் நன்று, ஆயினும் உறுப்புகளின் பொருத்தம் அறியாது செலவிட்டால் பணமும் வீண், பொழுதும் வீண்.

விழுப்புரத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே அமைந்த வளவனூரில் வாழ்வோர்க்கு இவ்வெச்சரிக்கை மிகவும் வேண்டும். எல்லா வகை உறுப்புகளையும் ஒருங்கே பார்த்து வாங்க, நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள சென்னை ரிச்சி தெருவுக்கே செல்ல நேரிடும். பொருந்தாத உறுப்பை மாற்றிவர மீண்டும் ஒரு நாள் கழியும். கரும்பு விற்ற பணமாயினும், வளைகுடா நாட்டில் உழைத்து அனுப்பிய பணமாயினும் அது எளிதில் வந்ததன்று.

நிலைமொழியும் வருமொழியும்

தமிழ் பயில்வோர் இதனைப் புணரியல் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் நோக்கியே சொற்கள் புணர்கின்றன. 'மரம்' என்னும் நிலைமொழி வேரோடு சேர்ந்து மரவேர் ஆகிறது. கிளையோடு சேர்ந்து மரக்கிளை ஆகிறது. கடைக்காரர் மதர்போர்டு என்று கூறும் தாய்ப்பலகையே கணிப்பொறியின் நிலைமொழி. செயலியும், ராம் எனப்படும் நினைவகமும் வருமொழிகள். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. மொழியில் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரங்கள் இணக்கம் தருகின்றன. கணிப்பொறியிலோ விகாரத்திற்கு இடமில்லை. இயல்புப் புணர்ச்சி ஒன்றே உண்டு. பொருந்தினால் பொருந்தும்; இல்லையேல் இல்லை.

செயலிக்கேற்ற பலகை

செயலி அமரும் இடம் சாக்கெட் எனப்படும். இன்டெல் நிறுவனத்தின் ஆறாம் தலைமுறை முதல் ஒன்பதாம் தலைமுறை வரையிலான மேசைக் கணிப்பொறிச் செயலிகள் எல்ஜிஏ 1151 என்னும் சாக்கெட்டுக்குரியவை. பத்து, பதினொன்றாம் தலைமுறைகள் எல்ஜிஏ 1200-க்கும், பன்னிரண்டு முதல் பதினான்கு வரையிலானவை எல்ஜிஏ 1700-க்கும் உரியவை. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் செயலிகளுள் ஏஎம்4 வகைக்குரியவற்றுக்கு டிடிஆர்4 நினைவகமும், 2022-இல் வந்த ஏஎம்5 வகைக்குரியவற்றுக்கு டிடிஆர்5 நினைவகமும் வேண்டும்.

சாக்கெட்டின் பெயர் ஒன்றாயிருத்தல் மட்டும் போதாது என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, ஆறாம் தலைமுறைச் செயலி உள்ள கணிப்பொறியை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. எட்டாம் தலைமுறையை அது ஏற்கும். அதுவும் எல்ஜிஏ 1151 தானே, செயலியை மட்டும் மாற்றினால் என்ன என்று தோன்றும். ஆனால் பழைய 100, 200 வரிசைச் சிப்செட் பலகைகள் எட்டாம் தலைமுறையை இயக்குவதில்லை. அதற்கு 300 வரிசைப் பலகை வேண்டும். ஆகவே பலகை செய்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் உள்ள ஆதரவுப் பட்டியலில் செயலியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே வாங்குதல் வேண்டும்.

பெட்டியின் அளவும் நோக்கத்தக்கது. ஏடிஎக்ஸ் பலகை 305 மில்லிமீட்டருக்கு 244 மில்லிமீட்டர். மைக்ரோ ஏடிஎக்ஸ் பலகை 244-க்கு 244. அலுவலகங்களிலிருந்து பழையதாக விலைக்கு வரும் பெட்டிகள் சிலவற்றில் பலகையின் வடிவமும் மின்வழங்கியின் இணைப்பும் பொது அளவினின்றும் வேறுபட்டிருக்கும். அத்தகைய பெட்டியில் புதுப்பலகை அமையாது.

நினைவகத்தின் வகை

டிடிஆர்3 பட்டைக்கு 240 தொடுமுனைகள். டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய இரண்டிற்கும் 288. எண்ணிக்கை ஒன்றாயினும் பின்னிரண்டின் வெட்டுக்குறிகள் வெவ்வேறிடத்தில் உள்ளன. மின்னழுத்தமும் முறையே 1.5, 1.2, 1.1 வோல்ட் என வேறுபடும். ஒன்றன் இடத்தில் மற்றொன்றை அழுத்திச் செருக முயன்றால் உடைவதே பயன். எல்ஜிஏ 1700 பலகைகளில் டிடிஆர்4 ஏற்பனவும் டிடிஆர்5 ஏற்பனவும் தனித்தனியே உள்ளன. பெயரை முழுமையாகப் படித்தல் வேண்டும்.

இதில் சிக்கனத்திற்கும் வழியுண்டு. செயற்கை நுண்ணறிவுக்கான கணிப்பு நிலையங்களின் தேவை பெருகியதால் 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியது. எனவே கையிலிருப்பது நல்ல டிடிஆர்4 பட்டையாயின், அதனை ஏற்கும் பலகையைத் தேர்ந்து பழைய பட்டையையே பயன்படுத்துவது அறிவுடைமை.

எவ்வளவு வேண்டும்?

விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி என்பது கீழெல்லை மட்டுமே. தட்டச்சு, இணையம், மின்னூல் ஆகியவற்றுக்கு 8 ஜிபி போதும். மலர் வடிவமைப்பும் பெரிய படிமக் கோப்புகளும் கையாள்வோர்க்கு 16 ஜிபி நன்று. 16 ஜிபி வேண்டுமாயின் ஒரே பட்டையினும் 8 ஜிபி பட்டைகள் இரண்டு சிறந்தவை. இரு தடங்களிலும் தரவு ஒருங்கே செல்லும். நான்கு செருகிடங்கள் உள்ள பலகையில் பெரும்பாலும் செயலியிலிருந்து இரண்டாவதும் நான்காவதும் அவற்றுக்குரிய இடங்கள். வேகம் வேறுபட்ட பட்டைகளைச் சேர்த்தால் குறைந்த வேகத்திற்கே அனைத்தும் இயங்கும்.

வாங்குமுன் செய்யத்தக்கவை

இப்போதுள்ள நினைவகத்தின் அளவையும் வேகத்தையும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரிலேயே காணலாம். பலகையின் பெயரையும் நினைவகத்தின் வகையையும் சிபியு-இசட் என்னும் இலவச மென்பொருள் காட்டும். அவற்றைத் தாளில் எழுதிக்கொண்டே கடைக்குச் செல்க. பழைய கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்து வைக்க. பழைய எழுத்துருக் குறியீடுகளில் தட்டச்சு செய்த கட்டுரைகள் இருப்பின், அவற்றைத் திறக்கும் மென்பொருள் இயங்கும்போதே ஒருங்குறிக்கு மாற்றுக. கணிப்பொறியோடு வந்த விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் பழைய பலகையோடு பிணைந்தது என்பதையும் கணக்கிற் கொள்க. பலகை மாற்றப் பொருள்வசதி இல்லையெனில், லினக்ஸ் இயங்குதளத்தை விலையின்றி நிறுவிப் பழைய கருவியையே சில ஆண்டுகள் பயன்படுத்தலாம்.

விலையை மட்டும் கேட்டு வாங்குவோர் இருமுறை செலவிடுகின்றனர். செயலி, பலகை, நினைவகம் என்னும் வரிசையில் பொருத்தம் கேட்டு வாங்குவோர்க்கு ஒருமுறைச் செலவே போதும். இலக்கணம் கற்ற மாணவர்க்கு இவ்வரிசை புதிதன்று. நிலைமொழியை நோக்கி வருமொழியைச் சேர்க்கும் அப்பழக்கத்தைக் கடைத்தெருவிலும் அவர்கள் கைக்கொள்வார்களாக.